ரத்தம் நின்றுவிட்டது, கேள்வி நிற்கவில்லை

கேள்வி: வயது 54. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகளாகின்றன. இரண்டு மாதங்களுக்கு முன் லேசாக ரத்தம் பட்டது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன், நின்றுவிட்டது. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் 1.5 செ.மீ. பாலிப் (உள்வரிச் சவ்வில் வளரும் சிறு சதை), தசைச் சுவரில் 2 செ.மீ. நார்க்கட்டி என்று வந்திருக்கிறது. ஹிஸ்டரோஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள். கட்டியைத் தொட்டால் புற்றுநோய் பரவும் என்று யூடியூபில் பார்த்தேன். இடுப்பு வலியும் இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பெண்ணுக்கு ஒரே ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது. ஆனால், கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வில் வரும் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளமும் இதுதான். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலானவர்களைக் குணப்படுத்தி விடலாம். மாத்திரை போட்டு அந்த அடையாளத்தை மறைத்ததில் உங்களுக்கு இரண்டு மாதங்கள் வீணாகிவிட்டன. இது போன்ற மாத்திரைகளைச் சீட்டில்லாமல் கொடுப்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். சிலருக்குக் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்துபோகும் ஆபத்தும் அவற்றில் உண்டு.

தொட்டால் பரவும் என்ற பயத்தை விடுங்கள். பாலிப்பை முழுவதுமாக எடுத்துப் பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பினால்தான் அது என்னவென்று தெரியும். ஸ்கேன் படம் அதைச் சொல்லாது. ஹிஸ்டரோஸ்கோபியில் வயிற்றைக் கிழிப்பதில்லை, தையல் இல்லை. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய்க் கேமராவைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே செலுத்தி, உப்புநீரால் அறையை விரித்து, பாலிப்பைக் கண்ணால் பார்த்தே அடியோடு எடுப்பார்கள். பார்க்காமல் சுரண்டும் பழைய டி அண்ட் சி முறையில் பாலிப் தப்பிவிடுவது உண்டு. கர்ப்பப்பையில் துளை விழுவது, கிருமித்தொற்று போன்றவை நேரலாம், ஆனால் அரிது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

முதலிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், பயாப்ஸி முடிவு வரட்டும் என்று சொல்லுங்கள். நார்க்கட்டி இந்த வயதில் பெரும்பாலும் தானாகச் சுருங்கும், மறந்துவிடுங்கள். இடுப்பு வலிக்கும் இதற்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு.

சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுத்திருந்தாலோ மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் லேசாக ரத்தம் படும். காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, கடும் வயிற்று வலி, மணிக்கு ஒரு நாப்கின் நனையுமளவு ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பயாப்ஸி அறிக்கையை மறக்காமல் நேரில் போய் வாங்கி, அதை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.