ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறேன், அறை பிடிக்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

வாடகையைக் கேட்கும் முன், "இந்த முகவரியில் அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) செய்யலாமா?" என்று கேளுங்கள். குடியேறிய 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. அதைத் தரமாட்டேன் என்பவரின் அறை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பகுதிநேர வேலைக்குக் கேட்கும் வரி எண்ணும் பதிந்த பிறகுதான் தபாலில் வரும்.

முன்பணமாக 3 மாத 'கால்ட்மீட்ட'வுக்கு மேல் (வெப்பமூட்டல் போன்ற செலவுகள் சேராத வாடகை) வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. 3 தவணையாகவும் கட்டலாம். அறையைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல் தயவுசெய்து பணம் அனுப்பிவிடாதீர்கள்.

சாவி வாங்கிய அன்றே சுவர்க் கீறல், தரைக் கறை எல்லாவற்றையும் படமெடுங்கள். குளியலறை ஓட்டில் இருந்த பழைய விரிசலை நான் படமெடுத்து வைத்திருந்ததால்தான் என் முன்பணம் முழுதாகத் திரும்பி வந்தது.