கேண்டிட் கல்யாணப் படங்கள் நன்றாக வர, புதிதாகத் தொடங்குபவர் என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவரிடம் ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆரும், அதோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸும் இருக்கின்றன. அடுத்த மாதம் நண்பர் கல்யாணம். இதுவரை எடுத்த கேண்டிட் படங்கள் (போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுப்பவை) எல்லாம் 'யாரோ ஒளிந்து நின்று எடுத்தது மாதிரி' இருக்கின்றன என்கிறார்.

நானும் அப்படி ஒளிந்து நின்றவன்தான். முதல் முறை சித்தி மகள் கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் நின்று ஜூம் லென்ஸில் 1,400 படம் எடுத்தேன். நாற்பதுகூடத் தேறவில்லை. பாதியில் யாருடைய தோள்பட்டையோ, மீதியில் வீடியோக்காரர் முதுகு.

யாருக்கும் தெரியாமல் எடுப்பதுதான் கேண்டிட் என்று நினைத்திருந்தேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்து, அது நடக்கும் முன்பே அங்கே போய் நின்றிருக்க வேண்டும் என்பது ஏழெட்டுக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் புரிந்தது. அதனால் முதல் நாள் சாயங்காலம் கேமரா மெனுவை நோண்டுவதைவிட, அந்த வீட்டுப் பெரியம்மா யாரிடமாவது உட்கார்ந்து சடங்கு வரிசையைக் கேளுங்கள். ஊஞ்சல் உண்டா, தாரை வார்ப்பது எப்போது, நாத்தனார் முடிச்சு போடப்போவது யார் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும்.

தாலி கட்டும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் 'கெட்டிமேளம்' என்று குரல் கொடுத்ததும் தவில் வெளுத்து வாங்கும், அட்சதை பறக்கும், சில நொடிகளில் முடிந்துவிடும். அத்தனை கேமராவும் தாலியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் படத்தை மெயின் போட்டோகிராபர் எடுத்துவிடுவார், விடுங்கள். நீங்கள் மேடையின் பக்கவாட்டில், பெண்ணின் அம்மா முகம் தெரிகிற இடத்தில் முன்பே இடம் பிடித்திருக்க வேண்டும்.

சடங்கு முடிந்த மறுநிமிடமும் முக்கியம். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு எழுந்தார். மற்றவர்கள் கேமரா மாப்பிள்ளை பக்கம் திரும்பிவிட்டது. அப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். கண்ணாடியைக் கழற்றி அதையும் அதே ஈர வேட்டியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, 'பந்திக்கு ஆள் போதுமாப்பா?' என்று யாரையோ கேட்டார். மூன்று படம் எடுத்தேன். கண்ணாடி இல்லாத அந்த முகம் மூன்றாவதில் இருக்கிறது.

கூட்டத்தில் 'தம்பி, எங்களையும் ஒண்ணு எடு' என்று கூப்பிடுவார்கள். எரிச்சல்படாமல் எடுங்கள். எடுத்ததும் கேமராவை இறக்காமல் இரண்டு நொடி பொறுங்கள். 'சரி, முடிஞ்சுது' என்று உடம்பு தளர்ந்து, ஒருத்தி இன்னொருத்தி இடுப்பில் கிள்ளிச் சிரிப்பாள். அதை எடுங்கள்.

லென்ஸைப் பொறுத்தவரை நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் 50 எம்எம், எஃப் 1.8 ஒன்று வாங்கினால் போதும். ஜூம் செய்ய முடியாத பிரைம் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் அதுவும் ஒன்று. சென்சார் சிறியதாக உள்ள கிராப் சென்சார் கேமராவில் ஏறக்குறைய 75 முதல் 80 எம்எம் போலத் தெரியும் என்பதால், நாலைந்து அடி தள்ளி நின்றே முகங்களை எடுக்கலாம். வெளிச்சம் குறைவாக இருந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200 வரை ஏற்றப் பயப்படாதீர்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தை மன்னிப்பார்கள், ஆடிப்போன படத்தை மன்னிக்க மாட்டார்கள். பிறகு நிறத்தைத் திருத்த வசதியான ரா ஃபார்மட்டில் எடுங்கள். மணமேடையில் மஞ்சள் விளக்கும் ஊதா எல்இடியும் கலந்து முகத்தை மஞ்சள் காமாலையாக்கும்போது அதுதான் காப்பாற்றும்.

எல்இடியில் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் வேகத்தை 1/250, 1/500 நொடி என்று ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாக விழும். மண்டபத்துக்குப் போனதும் காலி மேடையை 1/250-இல் நாலைந்து தடவை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை இருந்தால் 1/100-க்கு இறங்கிவிடுங்கள்.

வீடியோக்காரரோடு காலையிலேயே ஒரு காபி குடித்துவிடுங்கள். அவர் லைட்டைத் திருப்பும் பக்கம்தான் அன்றைக்கு உங்களுக்கு வெளிச்சம். சண்டை போட்டால் நாள் முழுக்க அவர் முதுகைத்தான் எடுப்பீர்கள், என்னைப் போல.

கடைசியாக, அழுகிற முகம், அலங்கார அறை, பந்தி, இதெல்லாம் உள்ள படங்களைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். ஓர் அத்தை முழு ஜாங்கிரியை வாயில் திணித்த படத்தை நான் ஆசையாகப் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் அவர் மகன் போன் செய்தார், படத்தை நீக்கிவிட்டேன். அடுத்த கல்யாணத்தில் என்னைப் பார்த்ததும் அந்த அத்தை முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டே பாயசம் குடித்தார்.