கல்லூரியில் டெட்எக்ஸ்: பேச்சாளரை எங்கே தேடுவது, எப்படித் தயார் செய்வது?

கேள்வி: விருதுநகர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் டெட்எக்ஸ் (டெட் என்ற அமைப்பிடம் அனுமதி வாங்கி உள்ளூரில் நடத்தும் சிறு உரைகளின் நிகழ்ச்சி) நடத்த என் பெயரில் உரிமம் வந்திருக்கிறது. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நிர்வாகம் ஒரு சினிமா பிரபலத்தைக் கூப்பிடு என்கிறது, 800 பேர் உட்காரும் ஆடிட்டோரியம் நிரம்ப வேண்டும் என்கிறது. ஸ்பான்சர் தருவதாகச் சொன்ன நிறுவனத்தின் எம்.டி. தனக்கும் பத்து நிமிடம் கேட்கிறார். பேச்சாளர்களை எங்கே தேடுவது, எப்படித் தயார் செய்வது? தமிழில் பேசினால் சரிவருமா?

பதில்: முதலில் எம்.டி. விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் இப்போது உங்களைத் தூங்க விடாமல் வைத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும். அவர் பேச முடியாது. பணம் கொடுப்பவருக்கு மேடையில் பேச இடம் கிடையாது, யார் பேச வேண்டும் என்று சொல்லவும் அவருக்கு உரிமை கிடையாது, டெட்எக்ஸ் விதியில் இது தெளிவாகவே இருக்கிறது. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, உங்கள் பொறுப்பாசிரியரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் காட்டுங்கள். "சார், உங்களை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, விதி இப்படி இருக்கிறது, மீறினால் உரிமமே போய்விடும்" என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். வாசலில் பேனர், நிகழ்ச்சித் தாளில் லோகோ, டீ இடைவேளையில் ஒரு மேசை என்று கொடுக்க வேறு வழிகள் இருக்கின்றன. இத்தனைக்கும் பிறகு அவர் பின்வாங்கினால் விட்டுவிடுங்கள். பேச்சாளருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பதும் விதிதான், போக்குவரத்தும் தங்குமிடமும் மட்டும் கொடுக்கலாம். நடத்துகிறவர்களும் இதில் சம்பாதிக்கக் கூடாது. ஆகவே நீங்கள் பயப்படும் அளவுக்குச் செலவு ஆகாது. சாப்பாடு, ஒலி, கேமரா, இந்த மூன்றுக்கும் காசு இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. உரிமத்துக்குக் கட்டணமே இல்லை.

800 பேர் என்பதும் நடக்காது. உரிமம் வாங்கியவர் டெட் அமைப்பே நேரடியாக நடத்தும் மாநாட்டில் கலந்துகொண்டவராக இருந்தால் ஒழிய, 100 பேருக்கு மேல் பார்வையாளர்களை உட்கார வைக்க முடியாது. இதை நிர்வாகத்திடம் ஒரு குறையைச் சொல்வதுபோல் சொல்லாதீர்கள், ஏனென்றால் இது உண்மையிலேயே நல்லது. அட்டெண்டன்ஸ் போடுகிறோம் என்று சொல்லி 800 பேரை உட்கார வைத்த அரங்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பத்தாவது வரிசைக்குப் பின்னால் எல்லார் முகத்திலும் செல்போன் வெளிச்சம்தான் இருக்கும், மேடையில் நிற்பவர் பாவம், இரண்டாவது நிமிடத்திலேயே அதைப் பார்த்துவிடுவார், அதற்கப்புறம் அவர் குரல் தானாகவே இறங்கும். உங்கள் கல்லூரியில் சின்ன செமினார் ஹால் ஒன்று கட்டாயம் இருக்கும், அதை எடுங்கள். வர விரும்புகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு நாலு வரி எழுதித் தரச் சொல்லுங்கள், அதிலிருந்து 100 பேரைத் தேர்ந்தெடுங்கள். சீனியர், ஜூனியர், ஆய்வக உதவியாளர், கேன்டீன் அக்கா எல்லாரும் எழுதட்டும். மற்றவர்கள் விடுதியிலிருந்து நேரலையில் பார்க்கலாம், அதற்கு அனுமதி உண்டு.

சரி, இப்போது பேச்சாளர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெட் 1984-இல் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் தொடங்கியது. தொழில்நுட்பம், பொழுதுபோக்கு, வடிவமைப்பு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடமாகத்தான் அதை ஆரம்பித்தார்கள். ரொம்ப காலம் அது பெரும் பணம் கட்டி உள்ளே போகிறவர்களின் கூட்டமாகத்தான் இருந்தது. 2006-இல் உரைகளை இணையத்தில் இலவசமாக ஏற்ற ஆரம்பித்தார்கள். 2009-இல் டெட்எக்ஸ் வந்தது. முதல் டெட்எக்ஸ் நடந்ததே ஒரு பல்கலைக்கழகத்தில்தான், லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில். பெயரில் இருக்கும் அந்த எக்ஸ், இது உள்ளூர்க்காரர்கள் சொந்தமாக நடத்துவது என்பதைக் குறிக்கிறது. உங்கள் ஊரில் இருக்கும், வெளியே இன்னும் போகாத ஒரு யோசனைக்கு மேடை போட்டுத் தருவதுதான் இதன் வேலை. ஏற்கெனவே நூறு மேடை ஏறியவருக்கு நூற்றியோராவது மேடை எதற்கு?

உதாரணம் பாருங்கள். எழுத்தாளர் சைமன் சினெக் 2009-இல் அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் பகுதியில் ஒரு சின்ன டெட்எக்ஸில் பேசினார். ஸ்லைடு இல்லை, ஒரு தாள் பலகையில் மார்க்கரால் மூன்று வட்டம் போட்டார், அவ்வளவுதான். நடுவில் மைக் மக்கர் செய்து கையில் வேறு மைக் கொடுத்தார்கள், வீடியோவிலேயே அது தெரியும். அந்த வீடியோவைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். பிரெனே பிரவுன் 2010-இல் தான் வசிக்கும் ஹூஸ்டன் நகரத்து டெட்எக்ஸில் பேசியபோது பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், இன்றைக்கு இருக்கும் புகழ் அப்போது அவருக்கு இல்லை. இவர்களிடம் இருந்தது ஒரு யோசனை, அதை வருடக்கணக்கில் அசைபோட்டிருந்தார்கள்.

சினிமாக்காரரே வரக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே தேர்வு வையுங்கள்: இவர் பேசியதைக் கேட்ட ஒருவர் மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரே வாக்கியத்தில் அதைச் சொல்ல முடியுமா? "கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தேன், நீங்களும் வரலாம்" என்பது அந்த வாக்கியம் ஆகாது. அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆகவே யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். திரைப்படத்தில் ஒலிப்பதிவு செய்கிறவர் ஒருவர் வந்து, ஆள் இல்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு, அதைத் தனியாகப் பதிவு செய்யாவிட்டால் காட்சி செத்துப்போகும் என்று சொல்லிக் கேட்க வைத்தால், அது உரை.

விருதுநகர் மாவட்டத்தில் இருந்துகொண்டு பேச்சாளர் கிடைக்கவில்லை என்று நீங்கள் கவலைப்படுவது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பஸ் பாஸ் தூரத்திலேயே எத்தனை பேர்! பட்டாசில் பச்சை நிறம் தருவது பேரியம் உப்பு, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டபின் சிவகாசியில் அந்த நிறத்துக்காகத் தவித்த வேதியியல்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரைத் தேடுங்கள். அதே ஊரில் ஆப்செட் மிஷின் பக்கத்தில் முப்பது வருஷமாக நின்று, காலண்டரில் சாமி முகத்தின் நிறம் ஒரு துளி தப்பினாலும் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கிறது, அங்கே மரம் மரமாகக் கூடு எண்ணியவர் ஒருவரைப் பிடியுங்கள். அருப்புக்கோட்டையில் நெசவாளர்கள். உங்கள் சொந்த கல்லூரியில், யாரும் படிக்காத ஒரு ஆய்வுக்கட்டுரையை எழுதிவிட்டுக் காத்திருக்கும் இளம் பேராசிரியை. உங்கள் வகுப்பு மாணவர் ஒருவருக்கும் இடம் கொடுங்கள்.

எட்டுப் பேர் போதும். ஆளுக்கு 12 நிமிடம். உச்சவரம்பு 18 நிமிடம், ஆனால் புதிதாகப் பேசுகிறவருக்கு 12 தாராளம். எட்டுப் பேருமே ஸ்டார்ட்அப்காரர்களாக இருக்கக் கூடாது, எட்டுப் பேருமே ஆண்களாக இருக்கக் கூடாது. ஒரே துறையை மட்டும் வைத்து டெட்எக்ஸ் நடத்தவும் முடியாது, பல துறை கலந்துதான் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எந்த நோயையும் இலை தழையால் குணமாக்குகிறேன், தண்ணீரில் வண்டி ஓட்டுகிறேன் என்று யாராவது நிச்சயம் உங்களைத் தேடி வருவார்கள், தெரிந்தவர் சிபாரிசோடு வருவார்கள். மறுத்துவிடுங்கள். இப்படிப் போலி அறிவியல் மேடை ஏறியதால்தான் டெட் அமைப்பு 2012 டிசம்பரில் உலகம் முழுக்க உள்ள டெட்எக்ஸ் குழுக்களுக்கு இதற்காகவே ஒரு கடிதம் எழுதியது. அடுத்த ஆண்டு லண்டன் வைட்சேப்பல் டெட்எக்ஸின் இரண்டு உரைகளை டெட்எக்ஸ் யூடியூப் சேனலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கட்சிப் பிரச்சாரம், மதப் பிரச்சாரம், மேடையில் நின்று பொருள் விற்பது, இவற்றுக்கும் இடமில்லை. அறிவியல் சொல்ல வருகிறவர் எதைச் சொன்னாலும் அந்தத் துறை ஆசிரியர் ஒருவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள்.

அப்புறம் தயாரிப்பு. ஆளைப் பிடித்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டால் அங்கேதான் நிகழ்ச்சி கெடுகிறது. சில வருடம் முன்பு சிவகங்கைப் பக்கம் ஒரு கல்லூரி நிகழ்ச்சிக்கு, கண்மாயில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பகிர்ந்துவிடும் நீர்பாய்ச்சி ஒருவரைப் பேச அழைத்திருந்தோம். அறுபது தாண்டியவர். முதல் ஒத்திகையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பிறந்தது, வளர்ந்தது, ஊர்த் தலைவருக்கு நன்றி என்று ஏழு நிமிடம் பேசினார். எனக்கு வயிறு கலங்கியது. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஐயா, தண்ணி பத்தாத வருஷம் யாருக்கு முதல்ல விடுவீங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மேசையில் இருந்த நாலு காலி டம்ளரை வரிசையாக வைத்தார், ஒன்று மடைக்குப் பக்கம், ஒன்று கடைசியில். சொம்புத் தண்ணீரை எடுத்து முதல் டம்ளரில் ஊற்றுவதுபோல் போய் நிறுத்தி, கடைசி டம்ளரில் ஊற்ற ஆரம்பித்தார். "பக்கத்துல இருக்கவன் எப்படியும் தப்பிச்சுக்குவான் தம்பி, கடைசிக்காரன் காஞ்சா ஊர்ல சண்டை" என்றார். அதுதான் உரை. நிகழ்ச்சி நாளன்று மேடையில் ஒரு மேசை, நாலு டம்ளர், ஒரு சொம்பு. ஒன்பது நிமிடம் பேசினார், தண்ணீர் ஊற்றும் சத்தம்கூட அரங்கத்தில் கேட்டது.

ஆகவே ஒவ்வொரு பேச்சாளருக்கும் உங்கள் குழுவில் ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள். முதல் இரண்டு வாரம் அவர்கள் நேரில் போய்க் கேட்க மட்டும் செய்யட்டும், போனில் பதிவு செய்யட்டும். கண்ணில் வெளிச்சம் வந்து அவர் வேகமாகப் பேசிய இடம் எது என்று குறித்துவையுங்கள், உரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நாலாவது வாரத்துக்குள் எழுத்தில் ஒரு வரைவு. என் அனுபவத்தில் தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 100 சொல் வரும், ஆக 12 நிமிடத்துக்கு 1200 சொல், அதற்கு மேல் இருந்தால் வெட்டுங்கள். எழுத வராதவரை எழுதச் சொல்லி வதைக்காதீர்கள், அவர் சொல்வதை நீங்கள் எழுதி அவருக்கே படித்துக் காட்டுங்கள். எட்டாவது வாரத்தில் நாலு பேர் முன்னால் ஒத்திகை, பத்தாவது வாரத்தில் இருபது பேர் முன்னால், முந்தின நாள் அதே மேடையில், அதே மைக்கில், அதே செருப்பில். முழு உரையையும் மனப்பாடம் செய்ய முடியாதவர்கள் முதல் இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் மட்டுமாவது நெட்டுருப் போட்டுவிட வேண்டும். நடுவில் தடுமாறினால் யாருக்கும் தெரியாது.

தமிழில் பேசலாமா என்றால், தாராளமாகப் பேசலாம். எந்த மொழியிலும் டெட்எக்ஸ் நடத்தலாம். 2017-இல் டெட் அமைப்பே ஸ்டார் தொலைக்காட்சியோடு சேர்ந்து இந்தியில் ஒரு தொடர் நடத்தியது, ஷாருக் கான் தொகுத்து வழங்கினார். ஆங்கில வசன வரிகளைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். கோவை அருணாசலம் முருகானந்தம் 2012-இல் பெங்களூரில் டெட் மேடை ஏறி, நாப்கின் மிஷின் கதையைத் தனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னார், அரங்கமே அவரோடு சேர்ந்து சிரித்தது. எந்த மொழியில் ஒருவர் கோபப்படுகிறாரோ அந்த மொழியில் பேச விடுங்கள்.

மேடைச் சடங்கு பற்றி நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, தாளாளர் வாழ்த்துரை, நினைவுப் பரிசு எல்லாம் அரங்குக்கு வெளியே, காலை ஒன்பது மணிக்கே, கேமரா ஓடுவதற்கு முன் முடியட்டும். அவர்களுக்கும் மரியாதை, உங்களுக்கும் நேரம். போடியத்தை மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள், அதன் பின்னால் நின்றால் எல்லாருமே வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இடையில் மாணவர்கள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவது வேண்டாம், பாட்டு உரிமை உங்களிடம் இல்லை, வீடியோ ஏற்றும்போது சிக்கல் வரும். ஸ்லைடில் கூகுளில் எடுத்த படத்துக்கும் இதே கதைதான். சொந்தப் படம் போடச் சொல்லுங்கள்.

ஒலிக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒரு கல்லூரியில் காலர் மைக் சேலையில் உரசி உரசி, அருமையான ஒரு உரை முழுக்கக் கரகரவென்று பதிவாகிவிட்டது, அந்த அம்மா அப்படி இன்னொரு முறை பேச முடியாது, இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது. காதில் மாட்டும் மைக் வாடகைக்குக் கிடைக்கும், அதை எடுங்கள், கூடவே கை மைக் ஒன்று ஓரத்தில் தயாராக இருக்கட்டும். ஏசி, மின்விசிறி, ஜெனரேட்டர் மூன்றும் ஓடும்போது ஒலி எப்படி இருக்கிறது என்று முந்தின நாளே ஹெட்போனில் கேளுங்கள். பேச்சாளர் கண்ணுக்கு நேரே, முதல் வரிசைக்குக் கீழே, நேரம் இறங்கும் கடிகாரம் ஒன்று வையுங்கள்.

வீடியோ வெளியிட ஒவ்வொரு பேச்சாளரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும். அதை மேடை ஏறுவதற்கு முன்பே வாங்குங்கள், ஊருக்குப் போனபின் துரத்த முடியாது. ஆங்கிலம் படிக்காதவருக்கு வரிக்கு வரி தமிழில் விளக்கிச் சொல்லி, இந்த வீடியோ இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும் என்பதை அவர் வீட்டாருக்கும் சொல்லிவிட்டு வாங்குங்கள். அன்று இரவே கேமரா கார்டை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, ஒன்றை நீங்களும் இன்னொன்றை பொறுப்பாசிரியரும் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சாளர்களைத் தேர்ந்தெடுத்தபின், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லக்கூடிய அந்த ஒற்றை வாக்கியத்தை எட்டு உரைகளுக்கும் எழுதி எனக்கு அனுப்புங்கள், யாரை முதலில் பேச வைப்பது, யாரைக் கடைசியில் வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.