இடைவேளையில் எழுந்து போகாதீர்கள்

கேள்வி: முதல் முறையாக ஒரு சமகால நடன விழாவுக்குப் போகப் போகிறேன். பத்து நாள் விழா, எனக்கு ஓய்வு கிடைப்பது இரண்டே மாலைகள். இந்த மாதிரி விழாக்களில் ஹைலைட்ஸ் என்று எதைச் சொல்வீர்கள்? எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

பதில்: இரண்டு மாலை தாராளமாகப் போதும். ஆனால் அந்த 'ஹைலைட்ஸ்' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் என்னிடம் விடுங்கள். அதனோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

நம்மில் பலருக்கு அந்தச் சொல் கிரிக்கெட் வழியாகத்தான் பழக்கம். ஐந்து நாள் ஆட்டத்தை அரை மணி நேரத்தில் காட்டுவார்கள். விக்கெட், சிக்ஸர், ஒரு கேட்ச். அங்கே அது நியாயம்தான். ஸ்கோர் என்று ஒன்று இருக்கிறது. அதை மாற்றிய பந்துகளைப் பொறுக்கி எடுத்துவிடலாம். நடனத்தில் எதைப் பொறுக்குவது? விழாக்காரர்கள் ஒரு நிமிட வீடியோ போடுகிறார்கள். ஒருவர் தாவுகிறார், ஒருத்தி சுழல்கிறாள், ஒருவர் இன்னொருவர் தோளில் ஏறுகிறார், வெட்டு, வெட்டு, வெட்டு. இருபது குழுக்கள் வந்திருக்கும். வீடியோவில் பார்த்தால் எல்லாம் ஒரே குழு மாதிரி இருக்கும். நல்ல பயிற்சி உள்ள யாரும் உயரமாகத் தாவிவிடுவார். தாவுவதற்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் சும்மா நின்றார், தாவி இறங்கியபின் அந்த எடையை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று பார்த்தால்தான் அது யாருடைய நடனம் என்று தெரியும். வீடியோவில் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

நான் பார்த்தவற்றில் எது உச்சம் என்று கேட்டால், ஓர் இடைவேளையைச் சொல்வேன்.

ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பௌஷ் 1975இல் அந்நாட்டின் வூப்பர்டால் நகரில் அமைத்த 'வசந்தத்தின் சடங்கு'. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை. அதே இசைக்கு நிஜின்ஸ்கி 1913இல் பாரிஸில் அமைத்த முதல் நடனம், அரங்கில் கூச்சலையும் ரகளையையும் கிளப்பியது பழைய கதை. பௌஷின் நடனம் மண்மேல் நடப்பது. மேடை முழுக்கப் பீட் என்கிற கறுத்த சதுப்புநில மண். அதே மாலையில் முன்பாதியாக அவருடைய 'கஃபே முல்லர்' (1978) நடந்தது. இடைவேளை விட்டதும் எல்லோரையும் போல நானும் எழுந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் என் கையைத் தொட்டு, "உட்காருங்கள், இதைப் பார்க்க வேண்டும்" என்றார்.

திரை இறங்கவில்லை. மேடைப் பணியாளர்கள் வந்து விரிப்பை இழுத்துக் கட்டினார்கள். சக்கரம் வைத்த பெரிய தொட்டிகள் உருண்டு வந்தன. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். மண் சரிந்து குவிந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் ஈர வாசனை எங்கள் வரிசை வரைக்கும் வந்துவிட்டது. பிறகு மண்வாரிகளை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தார்கள். அவசரமே இல்லை. ஒருவர் ஒரு மூலையைச் சமன் செய்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடி வந்து இழுத்தார். வேலை முடிந்து அவர்கள் உள்ளே போனபோது, உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்புறம் ஆட்டம் தொடங்கியது. அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அவர்கள் இழுத்துச் சமன் செய்த அந்த மண், ஆடுகிறவர்களின் காலை ஒவ்வொரு அடியிலும் பிடித்து இழுத்தது. வெளிர் நிற உடைகளில், முழங்காலில், முகத்தில், வியர்வையோடு மண் அப்பிக்கொண்டே போனது. கடைசியில் சிவப்பு உடை ஒருத்திக்கு வந்து சேர்கிறது. அவள் சாகும்வரை ஆட வேண்டும். இசைக்கு நடுவே அவர்கள் மூச்சு வாங்குவது காதில் விழுந்தது. அந்த மூச்சு நடிப்பு இல்லை, மண் வாங்கிய மூச்சு. மண்வாரிக்காரர் அந்த மூலையை இரண்டாம் முறை இழுத்ததைப் பார்த்திராவிட்டால் இது எனக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

அந்த மண்மேடையை வடிவமைத்தவர் ரோல்ஃப் போர்சிக். 'கஃபே முல்லர்' மேடையை நாற்காலிகளால் நிரப்பியவரும் அவரே. அதில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக நடந்து வருவாள். அவள் இடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு மனிதர் முன்னால் ஓடி ஓடி நாற்காலிகளைத் தள்ளி வழி செய்துகொண்டே இருப்பார். முதல் முறை மேடையேறியபோது அந்த நாற்காலி தள்ளும் வேலையைச் செய்தவரும் போர்சிக்தான்! மேடையை அடைத்தவரே ஓடி ஓடித் திறந்துவிட்டார். 1980இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். பினா பௌஷ் பெயர் தெரிந்த பலருக்கு அவர் பெயர் தெரியாது என்பதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

இந்த வருத்தம் என் நெடுநாள் வழக்கு, இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். விழா நிரலைக் கையில் எடுங்கள். நடன அமைப்பாளர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆடுகிற பன்னிரண்டு பேரும் 'குழுவினர்' என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுவார்கள். ஒளியமைத்தவர் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். நடன விழாக்கள் பிறந்த கதையை இவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அமெரிக்க நடனக் கலைஞர் டெட் ஷான் 1931இல் மாசசூசெட்ஸில் ஜேக்கப்ஸ் பில்லோ என்ற பண்ணையை வாங்கினார். 1933இல் ஆண்களை மட்டும் சேர்த்து ஒரு குழு தொடங்கினார். அவர்கள் அங்கேயே நிலத்தில் பாடுபட்டார்கள், கட்டடங்களைக் கட்டினார்கள், ஆடியும் காட்டினார்கள். அந்தப் பண்ணைதான் இன்று உலகம் அறிந்த நடன விழா. அமெரிக்க நடன விழாவின் வேரும் ஒரு கோடைக்காலப் பள்ளிதான். 1934இல் வெர்மான்ட்டின் பென்னிங்டன் கல்லூரியில் மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி போன்றவர்கள் பாடம் எடுத்த இடம். இரண்டுமே வேலை செய்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய விழாக்கள். அப்படியிருக்க, ஆடியவர்களின் பெயரை அச்சடிக்க இடம் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

சரி, ஹைலைட்ஸுக்கு வருகிறேன். ஒரு நிமிடத்தில் காட்டவே முடியாத நடனம் ஒன்று உண்டு. ஆன் தெரேசா தெ கீர்ஸ்மேக்கர் 1982இல் அமைத்த 'ஃபாஸ்'. அதில் ஒரு பகுதி ஸ்டீவ் ரைக்கின் 'பியானோ ஃபேஸ்' இசைக்கு. இரண்டு பியானோ ஒரே சின்ன வரியை ஒன்றாக வாசிக்கத் தொடங்கும். ஒன்று மட்டும் மயிரிழை அளவு வேகமெடுக்கும். விலகி விலகி, ஒரு ஸ்வரம் முன்னால் போய் மறுபடி பூட்டிக்கொள்ளும். மேடையில் இரண்டு பெண்கள். கையை வீசித் திரும்புவது, மறுபடி வீசித் திரும்புவது, பெரும்பாலும் அவ்வளவுதான். பின்சுவரில் மூன்று நிழல்கள். ஓரங்களில் ஆளுக்கொன்று, நடுவில் இருவர் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடர்ந்த ஒரே நிழல். ஐந்தாறு நிமிடம் பார்த்துக் கண் பழகியபின், ஒருத்தி துளி முந்துகிறாள். நடு நிழலுக்குத் திடீரென்று இரண்டு கை முளைக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஒரு நொடியை வெட்டி உங்களுக்கு அனுப்பினால், நிழல் இரண்டாகத் தெரிகிறது, அதனால் என்ன என்பீர்கள். கேட்பது சரிதான். பழகாத கண்ணுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

சென்னையில் வாழ்ந்த நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் 'சரீரா'வும் (2001) இப்படித்தான். த்ருபத் என்கிற பழைய இந்துஸ்தானி இசை, ஒரு பெண், ஓர் ஆண். உடல் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும் நிதானம், பார்க்கிறவர்களின் மூச்சையும் சேர்த்து மெதுவாக்கிவிடும்.

இன்னும் ஒரு படி மேலே போனவர் அமெரிக்க நடன அமைப்பாளர் இவான் ரெய்னர். 1966இல் அவர் ஆடிக் காட்டிய 'ட்ரையோ ஏ' உச்சமே வேண்டாம் என்று தீர்மானித்துச் செய்தது. ஏறத்தாழ ஐந்து நிமிடம்; எந்த அசைவுக்கும் கூடுதல் அழுத்தம் கிடையாது, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடமும் தெரியாது. ஆடுகிறவர் பார்வையாளர்களைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். முகம் நம் பக்கம் திரும்பினாலும் பார்வை விலகிவிடும்.

எனக்கு எதிராக அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமைக் காட்டலாம். அவரே தன் நடனங்களைத் துண்டு போட்டவர் ஆயிற்றே? உண்மைதான். 1964இல் வியன்னாவில் ஓர் அருங்காட்சியகத்தில் தொடங்கி, பல நடனங்களிலிருந்து பகுதிகளை எடுத்துக் கோத்து, இடைவேளை இல்லாத 'ஈவென்ட்' என்று நிறைய நடத்தினார். ஆனால் கைதட்டல் வாங்கிய இடங்களைப் பொறுக்கிச் சேர்க்கவில்லை. எது எதன் பின்னால் வரும் என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்கும் வழக்கம் உள்ளவர் அவர். மேடையின் நடுதான் முக்கியம் என்பதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூலையில் நிற்பவரும் நடுவில் நிற்பவருக்குச் சமம். எங்கே பார்ப்பது என்பதை உங்களிடமே விட்டுவிட்டார். அந்த உரிமையை ஒரு நிமிட வீடியோவுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

'இதெல்லாம் நடனமா, நின்றுகொண்டே இருக்கிறார்கள்' என்று எனக்குத் தொடர்ந்து எழுதும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2002இல் டப்ளினில் நடந்த நடன விழாவில் பிரெஞ்சு நடன அமைப்பாளர் ஜெரோம் பெல்லின் படைப்பைப் பார்த்த ஒருவர், அதில் நடனமே இல்லை என்று விழாக்காரர்கள் மேல் வழக்குப் போட்டார். தள்ளுபடியாகிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நடனம் என்றால் என்ன என்பதற்காக நீதிமன்றப் படியேறிய மனிதர். பாதியில் எழுந்து, கைப்பேசி வெளிச்சத்தை எங்கள் கண்ணில் அடித்துக்கொண்டு போகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

உங்கள் இரண்டு மாலைகளுக்கு வருகிறேன். வீடியோவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு மாலைக்கு, ஒரே குழு முழு நேரமும் ஆடும் படைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு குழுக்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் ஆடும் கதம்ப நிகழ்ச்சி வேண்டாம். முதல் மாலை பார்த்தது பிடித்து, மறுநாளும் அதுவே நடந்தால், இரண்டாவது மாலையையும் அதற்கே கொடுங்கள். ஒருநாள் முன்வரிசை, மறுநாள் மாடி. முன்வரிசையில் மூச்சு கேட்கும். மாடியிலிருந்து பார்த்தால்தான் யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்ற கோலம் தெரியும். நிகழ்ச்சி முடிந்து கலைஞர்களோடு பேச்சு இருந்தால் இருங்கள். தரை எப்படி இருந்தது என்று கேளுங்கள். சிமென்ட்மேல் நேராக விரித்த விரிப்பில் ஆடினார்களா, கீழே மரம் போட்டுத் துள்ளல் கொடுத்த தரையிலா என்பதை அவர்கள் முழங்கால் உங்களுக்குச் சொல்லும். அந்த ஒரு கேள்விக்கு நடனக் கலைஞர்கள் அரை மணி நேரம் பதில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

செனகலில் ஜெர்மெய்ன் அகோனி நிறுவிய எகோல் தெ சாப்ள் பள்ளியோடு சேர்ந்து, ஆப்பிரிக்க நாடுகளின் கலைஞர்கள் பௌஷின் 'வசந்தத்தின் சடங்'கைக் கற்று ஆடியிருக்கிறார்கள். பல நாடுகளுக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். நிரலில் அது இருந்தால் மற்றதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முன்பாதி முடிந்து விளக்கு போட்டதும் சுற்றியிருப்பவர்கள் எழுவார்கள். நீங்கள் உட்கார்ந்திருங்கள். முதலில் விரிப்பு வரும், அப்புறம் தொட்டிகள், அப்புறம் மண்வாரிகள்.