மொதல் பத்து நிமிஷம் இன்னா பண்ணணும்? நம்ம ஏரியா கேள்வி பதில்

வணக்கம். நான் கவர்மென்ட் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர்டு ஆனவ, தண்டையார்பேட்டைல இருக்கேன். மழை வரப்போவுது, அதனால தெருவுல, பால் பூத்ல, ரேஷன் கியூல எல்லாரும் கேட்டதை சேர்த்து இங்க பதில் சொல்லிடறேன். ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடி வீட்லயே பண்ற தப்பாலதான் பாதி கேஸ் மோசமாவுது, அதான் அந்த மொதல் பத்து நிமிஷத்தைப் பத்தியே ஜாஸ்தி பேசறேன்.

கொருக்குப்பேட்டை: அக்கா, எங்கப்பாவுக்கு 58 வயசு, சுகர் இருக்கு. நைட்ல நெஞ்சு அடைக்கிறாப்ல இருக்குன்றாரு, கோலி சோடா குடிச்சா ஏப்பம் வந்து சரியாயிடுது. கேஸ் ட்ரபிள்தானே?

கேஸ்னு நீங்களா முடிவு பண்ணாதீங்கம்மா. 58 வயசு, சுகர் வேற, நெஞ்சு அடைக்குது. இந்த மூணும் சேர்ந்தா மொதல்ல ஹார்ட்னுதான் நெனைக்கணும், ஹார்ட் இல்லன்னு ஈசிஜி, பிளட் டெஸ்ட் எல்லாம் பார்த்து டாக்டர் சொன்னப்புறம்தான் கேஸ். சோடா குடிச்சதும் சரியாச்சுன்றதை நம்பாதீங்க, ஹார்ட் வலி கொஞ்ச நேரம் வந்துட்டு தானா அடங்கும், அப்பால பெருசா வரும். இன்னைக்கே இட்டுகினு போங்க, நாளைக்கு ஞாயித்துக்கிழமைன்னு தள்ளாதீங்க.

எல்லாருக்கும் சேர்த்து சொல்றேன். நெஞ்சு நடுவுல பாரம் வெச்சாப்ல அழுத்துது, எடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ வலி இழுக்குது, குப்புனு வேர்க்குதுன்னா ஆளை உக்கார வைங்க, நடக்க விடாதீங்க, மாடிப்படி எறங்க விடவே விடாதீங்க, உடனே 108. நம்ம பக்கம் பைக்ல நடுவுல உக்கார வெச்சு பின்னாடி ஒருத்தர் புடிச்சுகினு இட்டுகினு வருவாங்க, வழியிலயே மயங்கி சாய்ஞ்சா அந்த பைக்ல ஒண்ணுமே பண்ண முடியாது. 108ல ஆக்சிஜன் இருக்கும், கூடவே ஆள் இருப்பாங்க. சுகர் இருக்கிறவங்களுக்கு, அதுலயும் பொம்பளைங்களுக்கு, வலியே இல்லாம வெறும் வேர்வை, மூச்சு வாங்கறது, ஒரு மாதிரி சோர்வுன்னு மட்டும் கூட வரும். ஒரு ஈசிஜி நார்மல்னு வந்தாலும் வலி இருந்தா இன்னொரு வாட்டி எடுக்கச் சொல்லிக் கேளுங்க, அது உங்க உரிமை. பக்கத்து வீட்டுக்காரர் போடுற நெஞ்சு மாத்திரையை வாங்கி நாக்குக்கு அடியில வைக்கிறதும் வேணாம், பிரஷர் கொறைஞ்சு இருந்தா அதுவே ஆளைக் கவுத்துடும்.

புது வண்ணாரப்பேட்டை: பக்கவாதத்துக்கும் இதே மாதிரி அவசரமா சிஸ்டர்?

அதே அவசரம். வாய் ஒரு பக்கம் கோணுது, ஒரு கை தூக்க முடியல, பேச்சு கொழறுதுன்னா கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாருன்னு டைம் பாத்து வெச்சுக்கங்க, டாக்டர் கேக்குற மொத கேள்வியே அதான். மூளையில அடைச்சிருக்கிற ரத்தக்கட்டியை கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் பார்க்கணும், அதனால கிளினிக் கிளினிக்கா சுத்தாம ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. வாயில தண்ணி, காபி எதுவும் ஊத்தாதீங்க, முழுங்க முடியாம நுரையீரலுக்குப் போயிடும்.

காசிமேடு: சிஸ்டர், வலை பிரிக்கும்போது கெளுத்தி முள்ளு கையில ஏறிடுச்சு. உசுரு போற வலி. சுண்ணாம்பு வெச்சாங்க, அடங்கல. இன்னா பண்றது?

அண்ணே, சுண்ணாம்பு வேணாம், தோலைத்தான் அரிக்கும். கெளுத்தி, திருக்கை ரெண்டு முள்ளுலயும் வெஷம் இருக்கு, அந்த வெஷம் சூட்டுக்கு அடங்கும். முள்ளு குத்தின இடத்தை நல்லா கழுவிட்டு, தாங்குற அளவுக்கு சுடு தண்ணியில கையை முக்கி வைங்க, 45 டிகிரி தாண்டக் கூடாது, அரை மணி நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும். ஆறிப்போனா தண்ணி மாத்துங்க. சூடு எவ்ளோன்னு குத்துப்பட்ட கையால பாக்காதீங்க, அந்த வலியில சூடு தெரியாது, இன்னொரு கையில பாருங்க இல்ல பக்கத்துல இருக்கிறவர பாக்கச் சொல்லுங்க. போட்ல இருந்தா இஞ்சின் தண்ணியை கேன்ல புடிச்சு ஆற வெச்சுக்கலாம். கரைக்கு வந்ததும் ரணஜன்னி வராம தடுக்குற டிடி ஊசி போட்டே ஆகணும், முள்ளு துண்டு உள்ள ஒடைஞ்சிருந்தா எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்க. நெஞ்சுலயோ வயித்துலயோ திருக்கை முள்ளு ஏறி நின்னா மட்டும் நீங்க புடுங்காதீங்க, அப்படியே கொண்டு வாங்க.

வியாசர்பாடி: என் பையனை தெரு நாய் கீறிடுச்சு, கடிக்கல, லேசா ரத்தம் வந்துச்சு. நாய் நல்லாத்தான் சுத்துது. பத்து நாள் பாத்துட்டு ஊசி போடலாம்னு மாமியார் சொல்றாங்க.

பாக்க வேணாம்மா, இப்பவே கிளம்புங்க. ரத்தம் வந்துட்டா அது பெரிய காயம்னுதான் கணக்கு. மொதல்ல கொழாயைத் தொறந்து விட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, கடிகாரம் பாத்து கழுவுங்க, அந்த கழுவுறதே பாதி வைத்தியம். மஞ்சள், மொளகாப்பொடி, காப்பித்தூள் ஒண்ணும் வைக்காதீங்க, கட்டும் போட வேணாம். நம்ம கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஊசி போடுவாங்க, மொத நாள், அப்பால 3, 7, 28வது நாள். ரத்தம் வந்த காயத்துக்கு இன்னொரு ஊசி காயத்தை சுத்தியே போடணும், இம்யூனோகுளோபுலின்னு பேரு, அது அங்க இல்லன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க, போகாம விட்ராதீங்க. நாயை பாத்துகினே இருங்க, வேணாம்னு சொல்லல, ஆனா ஊசி ஆரம்பிச்சுட்டுப் பாருங்க. ரேபிஸ்ன்ற இந்த வெறிநாய்க்கடி நோய் வந்துட்டா காப்பாத்த வழியே இல்ல, அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

எண்ணூர்: 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பம் பக்கம் அமோனியா லீக் ஆனப்போ எந்தப் பக்கம் ஓடறதுன்னே தெரியல. மறுபடி வந்தா இன்னா பண்ணணும்?

அந்த ராத்திரி கொழந்தைங்களைத் தூக்கிகினு எல்லாரும் இருட்டுல ஓடினது இன்னும் மனசு விட்டுப் போகல. ஓடறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க, கொடியில காயுற துணி, கட்சிக் கொடி எது இருந்தாலும் தெரியும். வாடை எங்கிருந்து வருதோ அதுக்கு நேர் எதிரா காத்தோட கூடவே ஓடினா புகையும் உங்க கூடவே வரும், அதனால காத்துக்கு குறுக்கா ஓடி மொதல்ல அந்த வழியை விட்டு வெளிய வந்துடணும். துணியை நல்லா தண்ணியில நனைச்சு மூக்கையும் வாயையும் மூடுங்க, அமோனியா தண்ணியில கரையுற வாயு, அதனால ஈரத்துணி கொஞ்சம் தடுக்கும். வெளிய போக வழியே இல்லன்னா வீட்டுக்குள்ள கதவு ஜன்னல் சாத்தி ஃபேன், ஏசி ஆஃப் பண்ணி, கதவுக்கு அடியில ஈரத்துணி சொருகிடுங்க. கண்ணு எரிஞ்சா தேய்க்காம 15 நிமிஷம் தண்ணி ஊத்திக் கழுவுங்க. அப்போ போட்டிருந்த துணியை மாத்திடுங்க. மூச்சு இழுத்தா, இருமல் நிக்கலன்னா, இப்ப பரவால்லன்னு இருந்துடாம ஆஸ்பத்திரி போங்க, சில பேருக்கு சில மணி நேரம் கழிச்சுத்தான் நுரையீரல்ல நீர் கோக்கும்.

புளியந்தோப்பு: ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள்ள முட்டிக்கால் தண்ணி. கரண்ட் பயமா இருக்கு.

தண்ணி வாசப்படி ஏறும்போதே மெயினை ஆஃப் பண்ணிடுங்க, பிளக் பாயின்ட் வரைக்கும் ஏறட்டும்னு இருக்காதீங்க. ஏற்கனவே தண்ணி நின்னுடுச்சுன்னா அதுல எறங்கி மெயினைத் தொடப் போகவே கூடாது, கரண்ட் புகார் நம்பர் மின்னகம் 94987 94987க்கு போன் போட்டு லைனை நிறுத்தச் சொல்லுங்க. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுக்காரங்க கவனிங்க, மெயினை ஆஃப் பண்ணாலும் இன்வெர்ட்டர் வழியா கரண்ட் ஓடிகினேதான் இருக்கும், அதையும் தனியா ஆஃப் பண்ணணும். தெருவுல பில்லர் பாக்ஸ் பக்கமும் போஸ்ட்டை இழுத்துக் கட்டுன கம்பி பக்கமும் பசங்களை விடாதீங்க. கரண்ட் லீக் ஆனா உடனே தானா லைனை கட் பண்ற சுவிட்ச் ஒண்ணு இருக்கு, ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்ப்னு கேட்டு எலக்ட்ரீஷியனை போடச் சொல்லுங்க, செலவு ஒரு வாட்டிதான்.

அதே வீட்ல இன்னொரு கேள்வி: மழை முடிஞ்சப்புறம் ஜுரம் வந்தா டெங்குதானா?

டெங்கு மட்டும் இல்ல. தண்ணியில நடந்தவங்களுக்கு ஒரு ரெண்டு வாரத்துக்குள்ள ஜுரம் வந்து, கெண்டைக்கால் சதை தொட முடியாத அளவுக்கு வலிச்சு, கண்ணும் செவந்திருந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம். "மழைத்தண்ணியில நடந்தேன்"னு டாக்டர்கிட்ட நீங்களா சொல்லுங்க, அவங்க கேட்டாத்தான்னு இருக்காதீங்க.

டெங்குல ஜுரம் எறங்கின உடனே வீட்ல நிம்மதியாயிடுவாங்க, ஆபத்தே அப்போதான். வயித்து வலி, விடாம வாந்தி, ஈறுல ரத்தம், மலம் கறுப்பா போறது, புள்ள அமைதியில்லாம பொரள்றது, ஒண்ணுக்கு கம்மியா போறது, இதுல எது வந்தாலும் அட்மிஷன்தான். ஜுரத்துக்கு பாராசிட்டமால் மட்டும், புரூஃபென், ஆஸ்பிரின் கூடவே கூடாது, ரத்தக்கசிவு ஜாஸ்தியாவும். பப்பாளி இலை சாறு குடுத்துட்டோம்னு பிளட் டெஸ்டைத் தள்ளிப் போடாதீங்க.

கொசு சமாச்சாரத்துல ஒண்ணு யாரும் செய்றதில்ல. டிரம்முல தண்ணியை மட்டும் கீழ ஊத்திட்டு மறுபடி ரொப்பறாங்க. முட்டை இருக்கிறது தண்ணி மட்டத்துக்கு மேல உள் சுவத்துல, கறுப்பா பொடி பொடியா ஒட்டிகினு இருக்கும், காஞ்சு போனாலும் பல மாசம் சாகாது, மறுபடி தண்ணி ஏறினதும் பொரியும். அதனால வாரம் ஒரு வாட்டி தேங்கா நார் போட்டு உள் சுவத்தை தேச்சுக் கழுவணும், மேல துணி கட்டி மூடணும். ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கீழ ஒரு தட்டு இருக்கும், அதையும் பாருங்க.

ராயபுரம்: ராத்திரி எழுந்தா கேஸ் வாடை அடிச்சா லைட்ட போட்டு பாக்கலாமா?

போடாதீங்க. எரியுற லைட்டை அணைக்கவும் வேணாம், ரெண்டுலயுமே பொறி வரும். எக்ஸாஸ்ட் ஃபேனும் வேணாம். கதவு ஜன்னலைத் தொறங்க, ரெகுலேட்டரை மூடி எடுத்துட்டு சிலிண்டர் மூடியை மாட்டுங்க. சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், தரையோட படிஞ்சு நிக்கும், அதனால கீழ பாய் விரிச்சு படுத்திருக்கிற புள்ளைங்களை மொதல்ல எழுப்பி வெளிய அனுப்புங்க. வெளிய போயிட்டு அப்பால கேஸ் லீக் அவசர நம்பர் 1906க்கு போன் பண்ணுங்க, வீட்டுக்குள்ள நின்னு பண்ணாதீங்க.

சிலிண்டர் வாங்கும்போது மேல வளையத்துக்குக் கீழ நிக்கிற பட்டையில உள்பக்கமா ஒரு எழுத்தும் வருஷமும் பெயின்ட்ல இருக்கும். ஏ-ன்னா மார்ச் வரைக்கும், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். 'பி 27'ன்னா 2027 ஜூனோட அந்த சிலிண்டரோட டெஸ்ட் கெடு முடியுது. கெடு தாண்டினதை திருப்பி அனுப்புங்க. டியூப் அஞ்சு வருஷத்துக்கு ஒரு வாட்டி மாத்திடணும்.

தீப்பட்டாலோ கொதி தண்ணி கொட்டினாலோ ஓடற தண்ணியில 20 நிமிஷம். இட்லி மாவு, பேஸ்ட், இங்க் எல்லாம் தடவிட்டு வர்றாங்க, அதைச் சுரண்டி எடுக்கும்போது புள்ளைங்க கத்துற கத்தை நான் கேட்டிருக்கேன். பெரிய காயம்னா கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரில தீக்காயத்துக்குன்னே தனி வார்டு இருக்கு.

கொடுங்கையூர்: குப்பை மேட்டுல புகை வந்தா பாப்பாவுக்கு இளைப்பு வருது. இன்ஹேலர் பழக்கமாயிடும்னு பயமா இருக்கு.

பழக்கம் ஆகாதும்மா. மாத்திரை, சிரப்பை விட இன்ஹேலர்ல மருந்து ரொம்ப கம்மி, நேரா நுரையீரலுக்குப் போவுது. சின்னப் புள்ளைக்கு ஸ்பேசர்ன்ற பிளாஸ்டிக் குழாயை இன்ஹேலர்ல மாட்டித்தான் குடுக்கணும், இல்லன்னா மருந்து தொண்டையிலயே நின்னுடும். புகை நாள்ல ஜன்னலைச் சாத்துங்க, கொசுவத்தி வேணாம், கொசுவலை கட்டுங்க.

திருவொற்றியூர், மீன் மார்க்கெட்: பாப்பா, எனக்கு 62 வயசு, சுகரு, பிரஷரு ரெண்டும் கீது. நாள் பூரா ஈரத்துல நிக்கிறேன், விரல் இடுக்குல சேத்துப்புண். கருவாடு இல்லாம சோறு எறங்கல, அதையும் வுட சொல்றாங்க.

ஆயா, மொதல்ல கால். சுகர் இருக்கிற காலுக்கு சேத்துப்புண் சின்ன விஷயம் இல்ல, இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டுங்க. வீட்டுக்கு வந்ததும் கழுவி, விரல் இடுக்குல பழைய பருத்தித் துணி விட்டு ஒவ்வொண்ணா துடைச்சு காய வைங்க. பாதத்துக்கு அடியில பேத்தியை பாக்கச் சொல்லுங்க, மரத்துப்போன கால்ல ஆணி குத்தினாலும் தெரியாது. மார்க்கெட்ல மூடின ரப்பர் ஷூ போடுங்க, வெறுங்கால் வேணாம். பிரஷர், சுகர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பாங்க, உங்க ஏரியா சுகாதார நிலையத்துல பேர் குடுத்துடுங்க, மாத்திரையை மட்டும் நடுவுல நிறுத்தாதீங்க.

கருவாட்டை அடியோட வுடுங்கன்னு சொன்னா நீங்க கேக்கமாட்டீங்கன்னு தெரியும். ஒரு நாளைக்கு மொத்தமாவே உப்பு ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கணும், கருவாட்டுலயே அதுல பாதி போயிடும். அதனால வாரத்துல ஒரு நாள், சின்ன துண்டு. சுடு தண்ணியில ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு இன்னொரு வாட்டி ஊற வைங்க, கொழம்புக்கு தனியா உப்பு போடாதீங்க, அன்னைக்கு ஊறுகாயும் அப்பளமும் கெடையாது.