பாலைவனச் சபாரி: அரைநாள் இருக்கைக்குப் பணம் கட்டும் முன்

அரையாண்டு விடுமுறை நெருங்கினால், துபாயில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காண விசிட் விசாவில் புறப்படுவோர் நமது கடற்கரையில் மிகுதி. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் இதைச் சொல்லவே வேண்டாம். நான்கைந்து நாட்களே தங்குகிற இவர்களில் பலர் ஒரு பிற்பகலைப் பாலைவனச் சபாரிக்கென்று ஒதுக்குகிறார்கள். அதைப் பற்றி அடுத்தடுத்து கேள்விகள் வந்திருப்பதால், இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே தந்திருக்கிறேன். சபாரி என்னும் சொல் சுவாஹிலி மொழி வழியாக உலகெங்கும் பரவியது. அதன் வேர், நம் ஊர்ப் பெரியவர்கள் ‘சபர் போயிருக்கிறார்’ என்று சொல்லும்போது வருகிற, பயணம் என்று பொருள்படும் அதே அரபுச் சொல்தான்.

கேள்வி: மகன் தேராவில் வேலை செய்கிறான். நானும் மனைவியும் ஜனவரியில் ஐந்து நாட்கள் தங்கப் போகிறோம். ஒரு விளம்பரத்தில் சபாரிக்குத் தலைக்கு 60 திர்ஹம் என்றும், இன்னொன்றில் 350 திர்ஹம் என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டிலும் செம்மணல் மேடு, ஒட்டகம், இரவு உணவு, நடனம் என்று ஒரே பட்டியல்தான் இருக்கிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? (வாசகர், கீழக்கரை)

பதில்: பட்டியல் ஒன்றாக இருந்தாலும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு வேறு. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படுவதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் தண்ணீரிலுமாக வேனில் போன காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வாடகை வண்டிக்கா, தலைக்கா, அங்கே எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்ற மூன்றையும் பேசி முடிக்காமல் ஏறியவர்கள் பாதி வழியில் சச்சரவு செய்ததை நான் பார்த்திருக்கிறேன். சபாரியிலும் கேட்க வேண்டியவை ஏறத்தாழ அதே கேள்விகள்தான்.

முதலில் வண்டியைக் கேளுங்கள். மாலைச் சபாரி என்பது வழக்கமாகப் பிற்பகல் 2.30 முதல் 3.30 மணிக்குள் உங்களை அழைத்துக்கொண்டு, இரவு 9 மணி அளவில் திரும்பக் கொண்டுவந்து விடுவது. விலை குறைந்த சீட்டுகளில் பெரும்பாலும் பேருந்தில் ஏற்றி, இரவு உணவும் நடனமும் நடக்கிற முகாமுக்கு நேரே கொண்டுபோய் விடுவார்கள். மணல்மேடுகளில் ஏறி இறங்கும் ஓட்டம் அந்த விலையில் அடங்காது, அல்லது முகாமின் வாசலில் தனியாக விற்கப்படும். விலை கூடிய சீட்டில் லேண்ட் குரூசர் போன்ற நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி, உங்கள் தங்குமிடத்துக்கே வரும். அதிலும் ஆறு பேர் பகிர்ந்து அமர்வதா, உங்கள் குடும்பத்துக்கு மட்டுமா என்பதைப் பொறுத்து விலை மாறும். ஆறு பேர் என்றால் இருவருக்குக் கடைசி வரிசைதான் கிடைக்கும். குலுக்கலும் குமட்டலும் அங்கேதான் அதிகம் என்பதால், நடு வரிசை வேண்டுமென்று முன்பதிவின்போதே எழுதிக் கேட்பது நல்லது.

அடுத்தது நேரம். மணல்மேட்டு ஓட்டம் என்று போட்டிருப்பது 15 நிமிடமாகவும் இருக்கலாம், 45 நிமிடமாகவும் இருக்கலாம். ஆறு மணி நேரப் பயணத்தில் மணல்மேல் ஓடுகிற நேரம் இவ்வளவுதான் என்பது பலருக்கு அங்கே போன பிறகே தெரிகிறது. மணலில் இறங்கும் முன் டயர்களின் காற்றை ஏறத்தாழ பாதியாகக் குறைப்பார்கள்; டயர் அகன்று மணலைப் பரவலாக மிதித்தால்தான் வண்டி புதையாது. இது தேவையான வேலை, சில நிமிடங்களில் முடிவதும்கூட. ஆனால் அந்த நிறுத்தத்திலேயே குவாட் பைக் என்னும் நான்கு சக்கர மணல் பைக் ஓட்டமும், தலைப்பாகைத் துணியும், வல்லூற்றைக் கையில் ஏந்திய புகைப்படமும் விற்கப்படுவதால், பல நேரங்களில் வண்டி அங்கே அரை மணிக்கு மேல் நின்றுவிடுகிறது. அவற்றில் எதையும் வாங்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

மூன்றாவது, இடம். பெரும்பாலான வண்டிகள் ஹத்தா செல்லும் சாலையை ஒட்டிய லஹ்பாப் பகுதிச் செம்மணல் மேடுகளுக்கே செல்கின்றன. இதற்கு மாறாகத் துபாய் பாலைவனப் பாதுகாப்பு வனம் என்று ஒன்று இருக்கிறது. 225 சதுர கிலோமீட்டர் பரப்பு, அந்த அமீரகத்தின் நிலத்தில் ஏறத்தாழ 5 சதவீதம். அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே அதற்குள் வண்டி செலுத்த முடியும். அரேபிய ஓரிக்ஸ் மான்களை அங்கே அவற்றின் போக்கில் காணலாம். 350 திர்ஹம் என்பது அங்கே செல்வதற்கான விலையாக இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. லஹ்பாபில் பகிர்வு வண்டிக்கும் அதே விலை என்றால், எதற்காக அந்தக் கூடுதல் தொகை என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 2018 ஜனவரி 1 முதல் அந்நாட்டில் 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி இருக்கிறது. சொன்ன விலையில் அது அடங்கியதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாட்ஸ்அப் செய்தியில் வண்டி, இருக்கை வரிசை, மணல்மேட்டு ஓட்டத்தின் நிமிடங்கள், போகும் இடம், உணவு, வரி ஆகியவற்றைக் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். பதில் எழுதத் தயங்குகிறவரிடம் 60 திர்ஹமும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சென்னையிலிருந்து லண்டன் செல்லும் வழியில் துபாயில் காலை 8 மணிக்கு இறங்கி, இரவு 10.15-க்கு அடுத்த விமானம் ஏறுகிறேன். பதினான்கு மணி நேரம் இருக்கிறது. மாலைச் சபாரி போய்வரலாமா? (வாசகர், தொண்டி)

பதில்: வேண்டாம். இரவு 9 மணிக்கு விடுதி வாசலில் இறக்கிவிடுகிற பயணத்தை நம்பி 10.15 விமானத்தைப் பிடிக்க முடியாது. பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருப்பதே பாதுகாப்பு. 8 மணிக்குத் தொடங்கும் காலைச் சபாரியும் உங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அந்நேரம் நீங்கள் குடியேற்ற வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள். குளிர்காலமாக இருந்தால், இரவு உணவும் நடனமும் இல்லாமல், மணல்மேடும் ஒட்டகமும் மட்டும் உள்ள தனி வண்டிப் பயணம் ஒன்றை முற்பகல் 11 மணிக்கு விமான நிலையத்திலிருந்தே ஏற்பாடு செய்துகொள்ளலாம். லஹ்பாப் அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவு. மாலை 4 மணிக்குள் திரும்பிவிடலாம். மே முதல் செப்டம்பர் வரை நண்பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதால், அம்மாதங்களில் இந்த யோசனையையும் கைவிடுங்கள்.

அதைவிட முக்கியம், நிலையத்தை விட்டு வெளியே வர விசா வேண்டும். 48 மணி நேர டிரான்சிட் விசாவுக்குக் கட்டணம் இல்லை, 96 மணி நேர விசாவுக்கு 50 திர்ஹம் (விண்ணப்பச் சேவைக் கட்டணம் தனி). ஆனால் இவ்விரண்டையும் அந்நாட்டு விமான நிறுவனங்கள் வழியாக, புறப்படும் முன்பே பெற்றிருக்க வேண்டும். விசா கைக்கு வரும் முன் சபாரிக்குப் பணம் கட்டாதீர்கள். விமானம் தாமதமானால் சபாரி நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். எத்தனை மணி நேரம் முன்பு ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பும் என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: உம்மாவுக்கு 62 வயது, முதுகு வலி உண்டு. லாத்தா (அக்கா) ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் மகனுக்கு இரண்டு வயது. எல்லோரையும் அழைத்து வரலாம், ஒன்றும் ஆகாது என்று முன்பதிவு செய்பவர் சொல்கிறார். அந்தி நேர மஃரிபு தொழுகையும் தவறக் கூடாது. (வாசகி, பெரியபட்டினம்)

பதில்: ‘ஒன்றும் ஆகாது’ என்று விற்பவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். கர்ப்பிணிகள், முதுகெலும்பு அல்லது இதயக் கோளாறு உள்ளவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோர் மணல்மேட்டு ஓட்டத்தில் ஏறக் கூடாது என்று சபாரி நிறுவனங்களே தங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன. வண்டி ஒரு மேட்டின் விளிம்பில் சரிந்து இறங்கும்போது உடல் பக்கவாட்டில் தூக்கி எறியப்படுவதுபோல் ஆடும். இருக்கைப் பட்டை அந்த ஆட்டத்தை வயிற்றிலும் முதுகிலும்தான் தாங்கிப் பிடிக்கிறது. உம்மாவையும் லாத்தாவையும் பிள்ளையையும் மேடுகளில் ஏறாமல் நேரே முகாமுக்கு அழைத்துச் செல்லும் தனி வண்டி உண்டா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. எந்த வண்டி, எத்தனை மணிக்கு, அதே விலைக்குள்ளா என்பது எழுத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால், அங்கே போய் நிற்கும்போது ‘ஒரே வண்டிதான், மெதுவாக ஓட்டுகிறேன்’ என்பதில் வந்து முடியும். மெதுவாக ஓட்டினால் மணலில் வண்டி புதைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஜனவரியில் அங்கே சூரியன் மாலை 5.40 முதல் 6 மணிக்குள் மறைகிறது. அது வண்டிகள் மேடுகளின்மேல் புகைப்படத்துக்கு நிற்கும் நேரம். முகாமில் தொழுகைக்கு இடம் உண்டா, மஃரிபு நேரத்துக்குள் முகாமை அடைவோமா என்று முன்கூட்டியே கேட்டால், நல்ல நிறுவனம் அதற்கேற்பப் புறப்பாட்டை அமைத்துத் தரும். இரவு நிகழ்ச்சியில் இடை நடனமும், சில முகாம்களில் மது விற்பனையும் இருக்கும். குடும்பத்துடன் அமர விரும்பவில்லையென்றால் நிகழ்ச்சியில்லாத காலைச் சபாரியே உங்களுக்குப் பொருந்தும், விலையும் பெரும்பாலும் குறைவு. ரமலான் மாதத்தில் இந்த நடனங்கள் பொதுவாக நடைபெறுவதில்லை. பாலைவனத்தில் இருட்டிய பின் குளிர் சட்டென்று ஏறும் என்பதால் உம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இங்குள்ள முகவர் ஒருவர் சபாரிக்கான பணத்தை ஜிபேயில் அனுப்பச் சொல்கிறார். அங்கே ஏதாவது தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது? (வாசகர், இராமநாதபுரம்)

பதில்: நானும் இப்படி நஷ்டப்பட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுக்குச் சென்றபோது, ஊரிலேயே ஒரு முகவரிடம் நால்வருக்கான பணத்தைக் கட்டிவிட்டுப் புறப்பட்டேன். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்பதால் ரசீது கேட்கக் கூச்சப்பட்டேன். அங்கே எங்களை அழைக்க வந்தது பேருந்து; முகாமின் வாசலில் மணல்மேட்டு ஓட்டத்துக்குத் தனிப் பணம் கேட்டார்கள். ஓட்டுநரிடம் இருந்த தாளில் எங்கள் பெயருக்கு எதிரே போக்குவரத்தும் உணவும் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன. ஊர் திரும்பிக் கேட்டபோது, அங்குள்ளவர்கள் செய்த தவறு என்றார் முகவர். அங்குள்ளவர்களோ, எங்களுக்கு வந்து சேர்ந்த பணம் இவ்வளவுதான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பேரனுக்குச் செம்மணல் மேட்டைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். என் கைப்பேசியில் தொகையும் தேதியும் இருந்தன; எதற்காகக் கொடுத்தேன் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

ஆகவே உங்கள் பணத்தைப் பெறுபவர் யார் என்பதிலிருந்து தொடங்குங்கள். தனிமனிதர் பெயரிலான கணக்குக்கு அனுப்பாமல், நிறுவனத்தின் பெயரிலான கணக்குக்கு அனுப்பி, அந்த நிறுவனத்தின் முத்திரையுள்ள ரசீதில் சேவையின் விவரத்தை எழுதி வாங்குங்கள். அப்படி இங்கே பணம் கட்டியிருந்தால், சேவை வெளிநாட்டில் நடந்தது என்று முகவர் கைவிரிக்க முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது இராமநாதபுரத்திலேயே, புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்து பார்க்கலாம். சிறு தொகைகள் பல நேரங்களில் அந்நிலையிலேயே தீர்கின்றன.

துபாயில் உள்ள நிறுவனத்துக்கே நேரடியாகப் பணம் கட்டினால், முறையிட வேண்டிய இடம் அந்த அமீரகத்தின் பொருளாதார, சுற்றுலாத் துறை. சபாரி நடத்துவதற்கான உரிமம் வழங்குவதும் அதே துறைதான் என்பதால், உரிம எண்ணை ரசீதில் கேட்டு வாங்கி, ஊர் திரும்பும் முன்பே புகாரைப் பதிவு செய்யுங்கள். முகவர் விமானச் சீட்டு, விடுதி, சபாரி எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக விற்றால், சட்டப்படி டிசிஎஸ் என்னும், விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டுகிற வரியும் பிடிப்பார். அது உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளக் கூடிய தொகை. பான் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அங்கே அட்டையில் பணம் செலுத்தும்போது, ரூபாயா திர்ஹமா என்று இயந்திரம் கேட்கிறதாமே? (வாசகர், மண்டபம்)

பதில்: திர்ஹம் என்பதையே அழுத்துங்கள். ரூபாய் என்றால், அந்த இயந்திரத்தை வழங்கியவர் தமக்கு லாபமான மாற்று விகிதத்தைப் போட்டுக்கொள்வார். நம் வங்கியும் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் பிடிக்கும். பல அட்டைகளில் அது 3.5 சதவீதம் வரை இருக்கிறது. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறந்து வைத்தால்தான் அட்டை அங்கே வேலை செய்யும்.

கேள்வி: என் மச்சான் அங்கே குவாட் பைக் ஓட்டினார். திருப்பி விட்டபோது, முன்பக்கம் உடைந்திருக்கிறது என்று பெருந்தொகை கேட்டார்களாம். அடுத்த மாதம் நான் போகிறேன். என்ன செய்ய வேண்டும்? (வாசகர், பாம்பன்)

பதில்: ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றி நடந்து, நான்கு பக்கமும் சக்கரங்களும் தெரியும்படி கைப்பேசியில் காணொளி எடுங்கள், வாடகைக்கு விடுபவரும் அதில் தெரிவது நல்லது. கையெழுத்துக் கேட்கும் தாளில் சேதத்துக்கு யார் பொறுப்பு, அதிகபட்சம் எவ்வளவு என்று இருக்கும்; படித்துக் காட்டச் சொல்லுங்கள். கடவுச்சீட்டை ஒருபோதும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் விலக்குகளில் சாகச விளையாட்டு என்ற சொல் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள். இருந்தால், குவாட் பைக்கில் விழுந்து கை முறிந்தாலும் மருத்துவச் செலவு உங்களுடையதுதான். உங்கள் மச்சானிடம் அன்றைய ரசீது இருந்து, பணத்தை அட்டையில் கட்டியிருந்தால், தம் வங்கியில் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கச் சொல்லுங்கள்; அதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் இந்த வாரமே செய்யட்டும்.