காம்பு வெடிப்பும் ஓயாத அழுகையும்: பால் போதவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்

வணக்கம் சகோதரி. பிறந்து 12 நாளான குழந்தை ஒரு மணி நேரம் குடித்தும் அழுவதாகவும், காம்பு வெடித்து வலிப்பதாகவும், மாமியார் பவுடர் பால் கொடுக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம், குழந்தை காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்து வாய் நிறையப் பற்றாமல், காம்பை மட்டும் கவ்வுவதே ஆகும்.

ஐ.பி.சி.எல்.சி. (தாய்ப்பால் ஆலோசகர்களுக்கான சர்வதேசச் சான்று) பெற்ற தாய்ப்பால் ஆலோசகரை இன்றோ நாளையோ நேரில் பாருங்கள். குழந்தைக்குப் பசிக்கும் நேரத்தில் செல்வது நல்லது. ஏனெனில் அவர் ஒரு முறை முழுவதுமாகப் பாலூட்டுவதைக் கவனித்து, நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போடுவார். (மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள், நீங்கள் சொல்வதைவிட ஆலோசகர் சொல்வது அவரிடம் எடுபடும்.)

குழந்தை நாளுக்கு 6 முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, எழுப்பியும் குடிக்காவிட்டாலோ, உங்களுக்குக் காய்ச்சல் கண்டாலோ, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.